சீப்பும் சிந்தையும்

ஜெர்மனியின் பெர்லின் நகரத்து மனநோய் மருத்துவசாலை ஒன்றில், 1900-ஆம் ஆண்டை ஒட்டி, அரசாங்க ஆலோசகர் பதவி வகித்த 48 வயதுக் கனவான் ஒருவர், வாதத்தால் பேச்சுக் குன்றியதோடு சித்தமும் சிதைந்துவிட்டது என்ற தீர்ப்புடன் சேர்க்கப்பட்டிருந்தார். தீர்ப்புக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. எதிரே பல பொருள்களைப் பரப்பி வைத்து இன்னதை எடுங்கள் என்றால் அதை விட்டு வேறொன்றை எடுத்தார். ஒன்றைச் செய்து காட்டச் சொன்னால் கையை எப்படியோ சுழற்றிவிட்டு நின்றார். ஆகவே சொன்னது அவருக்கு விளங்கவில்லை என்றும், சாதாரணப் பொருள்களின் உபயோகம்கூடப் புத்தியிலிருந்து அகன்றுவிட்டது என்றும் பார்த்தவர்கள் முடிவு கட்டினார்கள். ஹூகோ லீப்மன் என்ற மருத்துவருக்கு மட்டும், இந்தப் பிழைகள் எல்லாம் அவர் வழக்கமாக நீட்டுகிற வலக்கையின் பிழைகளாகவே இருக்கின்றனவே என்பது மனத்தில் உறைத்தது. அந்தக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, இடக்கையால் எடுக்கச் சொன்னார். எடுத்தார், சொன்னதைச் சொன்னபடி எடுத்தார்.

புத்தி கெட்டிருந்தால் இரண்டு கைகளும் கெட்டிருக்க வேண்டும். கை செயலற்றுப் போயிருந்தால் அது அசையவே கூடாது. இங்கே வலக்கை வலுவோடுதான் இருந்தது, புத்தியும் இடக்கைக்கு வழி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. இரண்டுக்கும் நடுவே, எண்ணத்தைச் செயலாக மாற்றித் தரும் ஏதோ ஓர் இடம் அறுந்திருந்தது. செயல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்து, முப்பது ஆண்டுகளாகப் புத்தகங்களில் தூங்கிக்கொண்டிருந்த ‘அப்ராக்ஸியா’ என்ற பெயருக்கு இந்த ஒரு நோயாளியால் உயிர் வந்தது. அவர் இறந்தபின் மூளையைச் சோதித்தபோது, இடப்பக்கத்துப் பக்கமடலிலும், இரு பாதி மூளைகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்திலும் சிதைவு காணப்பட்டது. பின்னர் வாத நோயாளிகள் பலரை வரிசையாகச் சோதித்த லீப்மன், மூளையின் இடப்பாதி பழுதுபட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, வாதம் தொடாத இடக்கைகூடக் காரியத்தில் தடுமாறுகிறது என்றும், வலப்பாதி பழுதுபட்டவர்களுக்கு அவ்விதத் தடுமாற்றம் இல்லை என்றும் கண்டார். கைத்தொழிலின் கருவூலம் பெரும்பாலோர்க்கு மூளையின் இடப்பாதியில் இருக்கிறது என்ற கொள்கை அப்படிப் பிறந்தது. அதற்குப் பின் நூறாண்டு ஆராய்ச்சி அதில் திருத்தங்கள் செய்திருக்கிறதே அன்றி அதைத் தள்ளிவிடவில்லை.

சித்தம் கெட்டவர் என்று தவறாகக் கருதப்பட்ட ஒருவரிடமிருந்து இந்த விசாரணை தொடங்கியது என்பதை நான் வேண்டுமென்றே முதலில் வைக்கிறேன். ஏனென்றால் சித்தம் மெய்யாகவே தேய்ந்துபோகும் நோயிலும் இதே கேள்விதான் எழுகிறது. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் கிழவியைப் பார்த்து, ‘பாட்டிக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது’ என்று சொல்லிவிடுகிறோம். டிமென்ஷியாவுக்கு மறதி நோய் என்ற பெயரும் தமிழில் வேரூன்றிவிட்டது. நேற்று வந்த விருந்தாளியை மறப்பதற்கும், ஐந்து வயது முதல் நாள்தோறும் கையாண்ட சீப்பை மறப்பதற்கும் ஒரே சொல்லைப் போடுகிறோம். இரண்டும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை அல்ல என்பது மட்டுமன்று. சீப்பை மறப்பதே ஒன்றல்ல, பல.

இந்த வேற்றுமையின் முதல் தடயம், டிமென்ஷியாவில் ஒரு வகையான ஆல்ஸைமர் நோய்க்குத் தம் பெயரைத் தந்தவரின் எழுத்திலேயே கிடக்கிறது. 1901-ஆம் ஆண்டு நவம்பரில் பிராங்க்பர்ட் மனநோய் விடுதியில் ஔகுஸ்தே என்ற 51 வயதுப் பெண்மணியைப் பரிசோதித்த அலோய்ஸ் ஆல்ஸைமர், பென்சில், பேனா, பணப்பை, சாவி, நாட்குறிப்பு, சுருட்டு ஆகியவற்றைக் காட்டிப் பெயர் கேட்டார். அவர் சரியாகவே சொன்னார். சற்று நேரம் கழித்து எவற்றைப் பார்த்தீர்கள் என்று கேட்டபோதுதான் ஒன்றும் நினைவில் இல்லை. அதாவது நோயின் அந்தக் கட்டத்தில் பார்த்தது மறந்தது, பொருள் மறக்கவில்லை. அவர் 1906 ஏப்ரலில் இறந்தபின் 1907-இல் வெளிவந்த சிறு கட்டுரையிலோ, கோப்பை என்ற சொல்லுக்குப் பதிலாகப் பால் வார்ப்பான் என்பது போன்ற ஒரு சொல்லை அவர் சொன்னதையும், சில பொருள்களின் உபயோகம் அவருக்குத் தெரியாமல் போயிருந்ததையும் ஆல்ஸைமர் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். மூளைத் திசுவில் தாம் கண்ட சிக்கல் நூல்களையும் படிவுகளையும் விவரிக்கும் அவசரத்தில் அந்த ஒரு வாக்கியத்தை அவர் விரிக்கவில்லை. உலகமும் வெகுகாலம் அதை விரித்துப் பார்க்கவில்லை. அடுத்த முக்கால் நூற்றாண்டில் ஞாபகத்தைப் பற்றி எழுதப்பட்டதற்கு ஈடாகக் கருவியைப் பற்றி எழுதப்பட்டது மிகச் சொற்பம்.

விரிக்கப் புகுந்தால் முதலில் எழும் வினா, ஒரு சீப்பை அறிவது என்றால் என்ன அறிவது என்பது. இது தலை வாருவதற்கு உரியது என்று அறிவது ஒன்று. பல் கீழ்நோக்க, விரல்கள் முதுகைப் பற்ற, உச்சியிலிருந்து கீழே இழுக்கவேண்டும் என்று கைக்குத் தெரிவது மற்றொன்று. சீப்பையே கண்டிராத ஒருவன்கூட, அதன் இடைவெளிகளைப் பார்த்து, நூல் போன்ற எதையோ பிரிக்க இது உதவும் என்று யூகிப்பது மூன்றாவது. சிக்கெடுத்து, எண்ணெய் தடவி, வகிடெடுத்து, பின்னி முடிக்கும் வரிசையில் சீப்பு எப்போது வரும், எப்போது விலகும் என்று அறிவது நான்காவது. ஆரோக்கியமான மனிதனிடம் இந்த நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் ஒரே அறிவு போலத் தோன்றுகின்றன. நோய்தான் இந்தப் பின்னலை இழை இழையாக அவிழ்த்துக் காட்டுகிறது.

உபயோகத்தை அறிவதும் கையாளுதலை அறிவதும் வெவ்வேறு என்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் ஓர் அழகான சோதனை வைத்திருக்கிறார்கள். பியானோவும் தட்டச்சுப் பொறியும் வேலையால் சம்பந்தமில்லாதவை. ஆனால் விரல்கள் இரண்டிலும் ஒரே விதமாகத்தான் ஓடுகின்றன. வானொலியும் கிராமபோனும் வேலையால் உறவினர். கை அவற்றில் செய்யும் காரியமோ வேறு. எது எதோடு சேரும் என்று கேட்கும்போது, மூளை பழுதுபட்டவர்களில் சிலருக்கு வேலையால் வரும் உறவு தெரிகிறது, கையசைவால் வரும் உறவு தெரிவதில்லை. சென்ற தலைமுறையின் தட்டச்சு நிலையங்களில் ‘லோயர்’, ‘ஹையர்’ பரீட்சை எழுதியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த எழுத்து எந்தக் கட்டையில் இருக்கிறது என்று வாயால் கேட்டால் அவர்கள் காற்றில் விரலைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

1989-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், மூளையின் வலப்பாதியில் பக்கவாதம் கண்ட இடக்கைப் பழக்கமுள்ள ஒருவரைப் பற்றி எழுதினார்கள். அவர் பல் துலக்கும் பிரஷால் உணவு உண்ணவும், கரண்டியாலும் சீப்பாலும் பல் துலக்கவும் முற்பட்டார். பொருள்களின் பெயர் அவருக்குத் தெரிந்தே இருந்தது. இது டிமென்ஷியா அல்ல. ஆயினும் சிந்தியா ஓசிப்பா, லெஸ்லி ராத்தி, கென்னத் ஹெய்ல்மன் ஆகிய அதே குழுவினர் 1992-இல் ஆல்ஸைமர் நோயாளிகளிடம் திரும்பியபோது, கருவியைப் பற்றிய கருத்தே குலையும் இந்தக் குறை அவர்களிடமும் இருக்கக் கண்டார்கள். எந்தக் கருவி எந்தப் பொருளின்மேல் வேலை செய்யும் என்பதிலும், வழக்கமான கருவி இல்லாதபோது மாற்றாக எதைப் பயன்படுத்தலாம் என்பதிலும் அவர்கள் தடுமாறினார்கள்; சொற்களின் பொருளறிவு சேதப்படாதவர்களிடமும் இந்தத் தடுமாற்றம் தென்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. சுத்தியல் அகப்படாதபோது குழவிக்கல்லை எடுத்து ஆணி அடிக்கும் சாமர்த்தியம் நாம் அறிவென்று கணக்கில் வைக்காத அறிவு. அதற்கும் மூளையில் ஓர் இருப்பிடம் உண்டு, அதுவும் அழியக்கூடியது.

இதற்கு நேர் எதிரான காட்சியை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். டிமென்ஷியாவில் ஒரு வகை, மூளையின் பொட்டு மடல்களின் முன்பகுதியைத் தேய்த்து, உலகத்தைப் பற்றிய பொது அறிவையே மெல்ல மெல்லத் துடைத்துவிடுகிறது. எலிசபெத் வாரிங்டன் 1975-இல் இத்தகைய மூவரை விவரித்தார். 1989-இல் ஜூலி ஸ்னோடனும் அவருடைய சகாக்களும் இதற்குப் பொருள்சார் டிமென்ஷியா என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். இந்நோயாளிகள் நேற்று நடந்ததை ஓரளவு நினைவில் வைத்திருப்பார்கள், வழி தவறாமல் வீடு வந்து சேருவார்கள்; ஆனால் முதலில் வரிக்குதிரை குதிரையாகும், பிறகு குதிரை ஏதோ ஒரு மிருகமாகும், இறுதியில் மிருகம் என்ற சொல்லும் அர்த்தமற்ற ஒலியாகிவிடும். இப்படிப்பட்டவர்களிடம் ஜான் ஹாட்ஜஸ், கேரலின் பாட்டர்சன் முதலியோர் அன்றாடப் பொருள்களைக் கொடுத்துப் பயன்படுத்திக் காட்டச் சொன்னார்கள். எந்தப் பொருளின் பெயரும் பொருளும் மங்கிவிட்டனவோ அதைப் பயன்படுத்துவதிலும் அவர்கள் தவறினார்கள். அடுத்தபடியாக, உலகத்தில் எங்குமே இல்லாத கருவிகளை அவர்கள் கையில் கொடுத்தார்கள். மியூனிக் நகரத்து கேயார்க் கோல்டன்பெர்க் 1998-இல் வகுத்த சோதனை அது: குழியில் அமர்ந்திருக்கும் மர உருளை ஒன்று, அதன் தலையின் வடிவத்தோடு பொருந்தக்கூடிய ஒரு கருவியை மூன்றிலிருந்து தேர்ந்தெடுத்து உருளையைத் தூக்க வேண்டும். முன்னனுபவம் இங்கே பயன்படாது. கண்ணால் பார்த்து, எது எதில் மாட்டும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பழகிய பொருள்முன் பரிதவித்தவர்கள் இந்தப் புதிய புதிரைச் சுலபமாக அவிழ்த்தார்கள்.

1999-இல் வெளியான ஆய்வொன்றில் இவ்வகை நோயாளிகள் இருவருக்கு எதிரே, மூளையின் புறணியும் அதன் அடியிலுள்ள கருக்களும் சிதையும் வேறொரு நோயால் பீடிக்கப்பட்ட ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். இந்த மூன்றாமவருக்கு அநேகமாக ஒவ்வொரு பொருளும் எதற்கு என்று தெரிந்திருந்தது. கையில் வாங்கினாலோ அதை உரிய விதத்தில் இயக்க முடியவில்லை, புதுக் கருவிகளின் புதிரும் அவருக்கு அவிழவில்லை. ஒரு தரப்பிடம் எது இருந்ததோ அது மறு தரப்பிடம் இல்லை. நரம்பியலில் இத்தகைய இரட்டைப் பிளவு அகப்படுவது அபூர்வம். அகப்படும்போது, ஒன்றென நினைத்தது இரண்டே என்று துணிந்து சொல்லலாம்.

கேம்பிரிட்ஜ் குழுவினரின் பின்வந்த அவதானிப்புகளில் இரண்டு எனக்கு மிகவும் அர்த்தம் செறிந்தவையாகத் தோன்றுகின்றன. தன் வடிவத்தாலேயே தன் வேலையைச் சொல்லும் பொருளை இந்நோயாளிகள் மற்றவற்றைவிட நன்றாகக் கையாளுகிறார்கள் என்பது முதலாவது. கத்தரிக்கோலின் வளையங்கள் விரல்களை அழைக்கின்றன. தீக்குச்சியோ எதையும் சொல்வதில்லை, தலையில் மருந்து வைத்த அந்தச் சிறு மரத்துண்டுக்குள் நெருப்பு இருப்பதைப் பார்வையால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. (உதாரணங்கள் என்னுடையவை.) மற்றொன்று, அவர்கள் வீட்டில் நாள்தோறும் உபயோகிக்கும் சொந்தப் பொருளைக் கொடுத்தால் செய்யும் காரியத்தை, அதே வகையான இன்னொரு பொருளைச் சோதனையாளர் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அவ்வளவு நன்றாகச் செய்வதில்லை. கோப்பை என்ற பொதுக் கருத்து போய்விட்டது. என் கோப்பை எஞ்சி நிற்கிறது. தர்க்க சாஸ்திரக்காரர்கள் பொதுமையாகிய ஜாதியையும் தனிப்பொருளாகிய வியக்தியையும் பற்றி நூற்றாண்டுக் கணக்கில் வாதாடினார்கள். ஜாதி அழிந்தபின் வியக்தி மட்டும் எப்படி வாழும் என்பதற்கு இந்த எளிய மனிதர்கள் உயிருள்ள சாட்சியாக நிற்கிறார்கள்.

கைப்பழக்கம் அழியாது என்று ஒரு நம்பிக்கை உண்டு, அதற்கு விஞ்ஞான ஆதாரமும் உண்டு. ஹென்றி மொலேசன் என்பவர் 1953-இல் நடந்த மூளைச் சிகிச்சைக்குப் பின் புதிதாக எந்த நிகழ்ச்சியையும் நினைவில் நிறுத்த இயலாதவரானார். ஆயினும் கண்ணாடியில் பிம்பத்தைப் பார்த்தபடி நட்சத்திரத்தின் ஓரத்தை வரையும் வித்தையை, முந்தின நாள் வரைந்ததே தெரியாமல், நாளுக்கு நாள் மேம்பட்டுக் கற்றுக்கொண்டார் என்பதைப் பிரெண்டா மில்னர் 1962-இல் அறிவித்தார். ஆல்ஸைமர் நோயும் மூளையில் பொட்டு மடலின் உட்புறத்தில், நிகழ்ச்சிகளைப் பதியும் பகுதியில்தான் முதலில் கை வைக்கிறது. பழக்கத்தைக் காக்கும் அடிக்கருக்களையும் சிறுமூளையையும் வெகுகாலம் பெரிதாகத் தொடுவதில்லை. அப்படியானால் சீப்பு ஏன் கையில் நின்றுபோகிறது? நோய் பரவிப் பக்கமடல்களை எட்டும்போது பழக்கம் அழிவதற்கு முன்னாலேயே, பழக்கத்தைத் தொடக்கிவைக்கும் வாசல் அடைபட்டுவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வெறுங்கையால் தலை வாருவதுபோல் பாவனை செய்யச் சொன்னால் தவறுகிறவர், சீப்பைக் கையில் கொடுத்ததும் மேம்படுகிறார். ஆஸ்பத்திரி மேஜையின்முன் சீப்போடு விழித்தவர், தம் வீட்டுக் கண்ணாடியின்முன் காலை வேளையில் தாமாகவே வாரிக்கொள்வதும் உண்டு. கேட்டால் வராதது, கேட்காதபோது வருகிறது. லீப்மன் காலத்துக்கு முன்பிருந்தே நரம்பியலாளர்கள் இந்த முரண்பாட்டை அறிவார்கள்.

கேட்காதபோது வருவதிலும் அபாயம் இல்லாமல் இல்லை. பாரிஸ் நகரத்து பிரான்சுவா லெர்மித் 1983-இல், மூளையின் முன்மடல்கள் பழுதுபட்டவர்களின்முன் ஒன்றும் சொல்லாமல் பொருள்களை வைத்தார். யாரும் கேளாமலே அவர்கள் அவற்றை எடுத்து உபயோகிக்கத் தொடங்கினார்கள். மூக்குக் கண்ணாடியை அணிந்திருக்கும்போதே இன்னொன்றைக் கொடுத்தால் அதன்மேலேயே அதையும் மாட்டிக்கொண்டார்கள். இவர்களிடம் கருவியின் அறிவு முழுமையாக இருக்கிறது. அதை அடக்கி ஆளும் எசமான்தான் இல்லை.

இந்த ஆராய்ச்சியெல்லாம் எந்தச் சாமான்களைக் கொண்டு நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். மெழுகுவத்தி ஏற்றுதல், பூட்டைத் திறத்தல், கடிதத்தை உறையிலிட்டு அஞ்சலுக்குத் தயாரித்தல், காப்பி கலத்தல், ரொட்டியை வாட்டி வெண்ணெய் தடவுதல், பரிசுப் பொருளைக் காகிதத்தில் சுற்றுதல். அமெரிக்காவில் 1969-இல் லாட்டனும் பிராடியும் வகுத்த புகழ்பெற்ற அளவுகோல் தொலைபேசி, கடைக்குப் போதல், சமையல், வீட்டைப் பராமரித்தல், துணி துவைத்தல், வாகனம், மருந்து, பணம் என்று எட்டுத் துறைகளைக் கேட்டது. ஆரம்பத்தில் ஆண்களுக்கு மட்டும் சமையலையும் வீட்டு வேலையையும் துவைத்தலையும் விட்டுவிட்டு ஐந்தோடு நிறுத்திக்கொண்டது. நம் தேசத்தில் இந்த விவகாரம் இன்னும் சிக்கலானது. அடுக்களைச் சாவி மருமகளிடம் போய்ப் பதினைந்து வருஷங்கள் ஆன மூதாட்டியிடம் சமைக்க முடிகிறதா என்று கேட்பதில் பொருளில்லை; சமைக்காதது நோயாலா, மரியாதையாலா என்று எப்படித் தெரியும்? இதை உணர்ந்தே ஹரியாணாவின் பல்லப்கர் கிராமங்களில், பெரும்பாலும் எழுத்தறிவில்லாத முதியோருக்காக, இந்திய வாழ்க்கைக்கு ஏற்ற தனி அளவுகோல் ஒன்றை 1990-களில் உருவாக்கினார்கள்.

காப்பி கலப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மேனாட்டுச் சோதனையில் அது பொடி, சர்க்கரை, கரண்டி, வெந்நீர் என்ற நான்கில் அடங்கிவிடும். நம் வீட்டுப் பித்தளைப் பில்டரில் பொடியை அளந்து போட்டு, குடைத்தட்டால் லேசாக அமுக்கி, கொதிநீரைச் சுற்றி ஊற்றி, டிகாஷன் இறங்கும்வரை காத்திருந்து, பாலைப் பொங்க விடாமல் காய்ச்சி, டபராவுக்கும் தம்ளருக்குமாக ஆற்றி முடிப்பதில் எத்தனை கருவி, எத்தனை வரிசை, எத்தனை காத்திருப்பு! அந்தக் காத்திருப்புத்தான் மிகக் கொடிய பரீட்சை என்று நான் நினைக்கிறேன். டிகாஷன் இறங்கும் பத்து நிமிஷத்தில், தொடங்கிய காரியத்தை மனத்தில் தாங்கி நிற்க வேண்டும்; முதலில் உடையும் கண்ணி அதுவாகத்தான் இருக்கும். குடைத்தட்டைப் போடாமல் விடுவதும் பொடிக்குப் பதிலாகச் சர்க்கரையைக் கொட்டுவதும் ஒரே தவறாகக் குடும்பத்தார் கண்ணுக்குத் தோன்றலாம். விடுபடுதல் ஒரு வகை, மாறிச் செய்தல் வேறு வகை என்று ஆராய்ச்சியாளர்கள் பிரித்து எண்ணுகிறார்கள். இரண்டும் மூளையின் வெவ்வேறு பழுதுகளைச் சுட்டக்கூடியவை.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வின் மதிப்பீடு கூறுகிறது. அவர்களில் கணிசமானோர், கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்தில் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ அழைத்து வரப்பட்டவர்களாக இருக்கக்கூடும். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று விறகடுப்பும் கியாஸும் மட்டுமே அறிந்தவர்கள்முன் கண்ணாடித் தகட்டு அடுப்பை வைக்கிறோம். அதில் சுடர் தெரிவதில்லை, ஆகவே சூடு என்பதைக் கண்ணுக்குச் சொல்லும் அடையாளமும் இல்லை. மின்சாரக் கெட்டிலை வாங்கித் தருகிறோம். அடுப்பின்மேல் ஏற வேண்டிய பாத்திரமாகவே அது அவர்களுக்குத் தெரிகிறது, பிளாஸ்டிக் அடி உருகி நாற்றம் எடுக்கும்போது ‘புத்தி போய்விட்டது’ என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். மூக்கும் கைப்பிடியும் உள்ள பாத்திரம் அடுப்பில் ஏறும் என்று அந்தப் புத்தி செய்த அனுமானம், ஐம்பது ஆண்டு அனுபவத்தின்படி முற்றிலும் சரியானது. நசுங்கிய பழைய தம்ளரைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெரியவருக்கென்று புதிய, இரட்டைப் பிடியுள்ள, சிந்தாத குவளையை வாங்கி வைக்கும் அன்பும் இதே ரகந்தான்: என் தம்ளர் மட்டும் எஞ்சியிருக்கும் ஒரு மனத்திலிருந்து அந்தத் தம்ளரையும் எடுத்துவிடுகிறது.

நோயுற்றோரைப் பராமரிக்கும் அனுபவசாலிகள், புத்தகம் எதுவும் சொல்வதற்கு முன்பே, வேறொரு வழியைக் கைக்கொள்கிறார்கள். ‘தலையை வாரிக்கோ அம்மா’ என்று அவர்கள் சொல்வதில்லை. சொல் அந்த வாசலை இப்போது திறப்பதில்லை. கண்ணாடியின்முன் உட்கார வைத்து, பழைய சீப்பையே அவள் கையில் வைத்து, அந்தக் கையைத் தம் கையால் மூடிக்கொண்டு, உச்சியிலிருந்து ஒரு முறை மெதுவாகக் கீழே இழுக்கிறார்கள். பிறகு தம் கையை எடுத்துவிட்டுப் பேசாமல் நிற்கிறார்கள். சில நாள் ஒன்றும் நடப்பதில்லை. சில நாள் இரண்டாவது முறையை அவளே இழுக்கிறாள், மூன்றாவதையும் இழுக்கிறாள், அப்புறம் சீப்பின் பல்லில் சிக்கிய முடியை விரலால் எடுத்து, சுருட்டிக் கீழே போடுகிறாள்.